குதிரை வம்சத்தின் கிளைகள்

இன்று உலகில் வாழும் குதிரை, கழுதை, வரிக்குதிரை யாவும் ‘ஈக்வஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன், முன்கால்களில் நான்கு விரல்களும் பின்கால்களில் மூன்று விரல்களும் கொண்டு, நரியளவே இருந்த ‘இயோஹிப்பஸ்’ என்னும் பிராணி வனங்களில் தழை மேய்ந்த காலந்தொட்டு, இவ்வம்சம் பல கிளைகளாகப் பரந்து, ஏறத்தாழ எல்லாம் அழிந்து, எஞ்சியது இந்த ஒன்றே.

மூவிரல் கொண்ட ‘ஹிப்பாரியன்’ குதிரைகள் நம் சிவாலிக் மலைகள்வரை பரவி வாழ்ந்தன. ஆப்பிரிக்காவிலோ அவை ஒற்றைக் குளம்புடைய ஈக்வஸ் இனங்களின் சமகாலத்திலேயே நெடுங்காலம் மேய்ந்தன. ஆகவே, ஓரினம் மறைந்தபின் மற்றோரினம் வந்தது என்று வரிசையாக எண்ணுவது பொருந்தாது.

இவற்றை வகைப்படுத்தப் பெருந்துணை புரிவன பற்களே: மேல் கடைவாய்ப் பல்லின் தேய்ந்த பரப்பில், எனாமல் வளையம் ஒன்று தீவுபோல் தனித்து நின்றால் அது ஹிப்பாரியன், மற்ற மடிப்போடு இணைந்திருந்தால் ஈக்வஸ்.

தோலும் சாட்சி சொல்லும். 1883-இல் ஆம்ஸ்டர்டாமில் கடைசி உயிரும் மாண்ட ‘குவாகா’வைத் தனி இனமென்றே பலர் கருதியிருக்க, அருங்காட்சியகத் தோலிலிருந்து பெற்ற மரபணுக்கள் அது சமவெளி வரிக்குதிரையின் உள்ளினமே என்று காட்டின. அழிந்த உயிர்களுக்கும் உரிய ஸ்தானத்தை ஆராய்ந்து அளிப்பது அறிவின் கடமையாகும். இருப்பவற்றை அழியாமல் காப்பது அதனினும் பெரிய கடமையாகும்.