தாதியர் அறியவேண்டிய பரம்பரை இயல்



1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கினார். மறு ஆண்டு மானிப்பாய்க்குச் சென்று, நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியம் பயிற்றினார். பின்னர் தமிழிலேயே அதனைக் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். அவர் காலத்திலேதான், 1865இல், மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரையின் விதிகளைக் கண்டு கூறினார். உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது 1900இலேதான். ஆகவே கிறீன் வைத்தியரின் நூல்களில் இடம்பெற இயலாத அந்த அறிவைத் தமிழ்த் தாய்மார்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பு, இன்று தாதியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியரைச் சார்ந்ததாகும்.

நம் உடலின் உயிரணுக்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. சோடியில் ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. அவற்றிலே ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் அமைந்திருக்கின்றன. இவற்றைப் பழைய ஏட்டுச்சுவடிக்கு ஒப்பிடலாம். ஒவ்வோர் ஏட்டுக்கும் நம்மிடம் இரண்டு படிகள் உள. ஒரு படியிலே எழுத்துப் பிழை நேர்ந்தாலும், மற்றப் படி செம்மையாக இருப்பின் பல வேளைகளில் காரியம் நடந்துவிடும்.

தலசீமியா என்னும் குருதி நோயை எடுத்துக்கொள்வோம். ஈமோகுளோபினை ஆக்கும் ஏட்டின் ஒரு படியில் மட்டும் பிழையுடையவர் 'காவி' எனப்படுவர். அவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். சிறிது சோகை தோன்றலாம். ஆனால் அச்சோகை இரும்புச்சத்து மாத்திரையால் தீருவதன்று. இதனைத் தாதியர் நினைவில் வைத்தல் வேண்டும்.

காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளை நோயுற்றது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று எண்ணுவது தவறு. இரண்டு நாணயங்களை ஒருங்கே சுண்டும்போது, முன்பு விழுந்ததை அவை நினைவில் வைப்பதில்லை அல்லவா? நோய் கடுமையாயின், பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும்.

மச்சான் மச்சாள் மணம் நம்மிடையே வழங்கிவந்த ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பிழை இருவருக்கும் வந்திருக்கக்கூடுமாதலால், அங்கே வாய்ப்பு மிகும். எனினும், அத்தகைய பெற்றோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆகவே அச்சுறுத்தல் வேண்டா. மணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை போதும். அதன் முடிவை உரியவருக்கன்றி அயலவருக்கு உரைத்தலும் ஆகாது. காவி என்ற ஒரு சொல்லாலேயே ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுவிடக்கூடும்.

2003ஆம் ஆண்டிலே, மனிதச் சுவடியின் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளைப் படிக்கும் திட்டம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், நோயுற்ற மகவை மடியில் ஏந்திய தாய், "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று கேட்கும்போது மறுமொழி கூறவேண்டியவர் அருகில் நிற்கும் தாதியே. "அம்மா, இது உங்கள் குற்றமன்று, அவரின் குற்றமுமன்று. இருவரிடமிருந்தும் வந்தது; இருவரும் அறியாமலே வந்தது" என்று நல்ல தமிழிலே சொல்லுங்கள். மாமியார் கேட்கும்படியாகவும் சொல்லுங்கள். அதுவும் ஒரு மருந்தே.