சிப் தூங்கி எழுந்தால்...

மெமரி கன்ட்ரோலர் வடிவமைப்பது என் பிழைப்பு. அதில் ஒரு தலைவலியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், சாப்பாட்டு நேரமாச்சு.

கம்ப்யூட்டர் மெமரி, வெளியிலிருந்து வரும் கிளாக் துடிப்போடு ஒட்டியே தகவலைத் தர வேண்டும். ஆனால் சிப்புக்குள் ஏற்படும் தாமதம் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் தகுந்தபடி மாறும். அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும் சர்க்யூட்தான் டி.எல்.எல். வேலையில்லாத நேரத்திலும் அது கரண்ட் குடிக்கும். நிறுத்திவிட்டால் என்ன? அங்கேதான் வம்பு. குன்னூர் ஷெட்டில் நம்ம மலை ரயில் நீராவி எஞ்சினைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நெருப்பை அணைத்தால் எரிபொருள் மிச்சம்தான், ஆனால் திரும்ப நீராவி ஏற மணிக்கணக்காகுமே!

2007-ல் வெளியான டி.டி.ஆர்.3 தரத்தில் இரண்டு வழி வைத்தார்கள். டி.எல்.எல்.லை ஓடவிட்டுக் கண்ணயர்ந்தால், வேகத்தைப் பொறுத்து 6 அல்லது 7.5 நானோசெகண்டில் எழுந்துவிடலாம். நிறுத்திவிட்டுத் தூங்கினால், தகவலைப் படிக்கக் குறைந்தது 24 நானோசெகண்ட் காத்திருக்க வேண்டும். செல்ஃப் ரெஃப்ரெஷ் என்பது கும்பகர்ணத் தூக்கம். எழுந்தபின் கிளாக்கோடு ஒத்துப்போகவே 512 துடிப்பு. சிப் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று கன்ட்ரோலர் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் கரண்டும் போச்சு, நேரமும் போச்சு.

செல்போனுக்கான எல்.பி.டி.டி.ஆர். மெமரியில் டி.எல்.எல்.லே கிடையாது. பேட்டரிக்காக அதைக் கழற்றிப்போட்டு, நேரம் ஒத்துப்பார்க்கும் சுமையை எங்கள் கன்ட்ரோலர் தலையில் கட்டிவிட்டார்கள். எங்களுக்கு வேலை கூடினாலும், அதுதான் சரி என்பது என் கட்சி.