பள்ளித் தோழமையும் முதுமையும்

மனிதன் தன் வாழ்நாளில் கொள்ளும் உறவுகளுள் பள்ளித் தோழமை தனித்தன்மை வாய்ந்தது. அது குலத்தால் வந்ததன்று. தொழிலால் வந்ததும் அன்று. ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சி, ஒரே மணியோசைக்கு ஓடியதனால் வந்தது. இளமையில் அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. வேலை ஓய்ந்து, மக்கள் வேற்றூர் சென்று, வீடு வெறிச்சோடும் காலத்திலேதான், நம்மைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்க ஊரில் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கின்றோம். அவ்வாறு எஞ்சியிருப்போரை ஒன்றுசேர்த்து, ஒருவருக்கொருவர் துணையாக நிறுத்துவது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்குக் களமாக நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களைக் கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை எனத் தொடர்ந்து, இஞ்சிவிளையைக் கடந்ததும் தமிழ்நாட்டின் களியக்காவிளையை அடைகின்றது. பாலராமபுரத்துச் சாலியத் தெருக்களில் தறி நெய்வோரின் முன்னோர், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பெற்றவர்கள். பாறசாலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மிஷன் சங்கத்தார் நிலையம் அமைத்துக் கல்விப்பணி ஆற்றினர். இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் மட்டுமன்றி, ஒரே வீட்டினுள்ளும் வழங்குவன.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் இவ்வூர்களும் இவற்றிற்குத் தெற்கே உள்ள ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இணைக்கக் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எனினும் மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில் அதனைப் பரிந்துரைக்கவில்லை. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் நன்மை தீமைகளை எடைபோடுவது இங்கு நம் நோக்கம் அன்று. ஒன்றை மட்டும் கருதுவோம். எல்லை ஓரத்துப் பள்ளியில் ஒரே பலகையில் இருந்த இரு சிறுவருள் ஒருவன் வீடு இப்பாலும் மற்றவன் வீடு அப்பாலும் ஆயிற்று. அதன்பின் பாடநூல் வேறாயிற்று. வேலை நாடிச் செல்லும் தலைநகர் வேறாயிற்று. ஓய்வூதியம் வழங்கும் கருவூலமும் வேறாயிற்று. அன்று ஐந்தாம் வகுப்பில் படித்த அச்சிறுவர் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். 1979இல் வந்த இரயில் பாதை இருபால் ஊர்களையும் மீண்டும் இணைத்தது உண்மையே. ஆயினும் படி ஏற இயலாத முழங்காலுக்குப் பத்துக் கல் தொலைவும் நெடுந்தூரமே அன்றோ?

இது இரண்டொருவரின் துயரம் அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்திலோ 12.6 பேர். வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் இளைஞரை அனுப்பிவிட்டு, முதியோர் இருவர் அல்லது ஒருவரே காவலிருக்கும் வீடுகள் இங்கு மிகுதி. உலகில் ஆறு பேருள் ஒருவர் தனிமையால் வாடுகின்றார் என்றும், தனிமை உடல்நலத்தையும் ஆயுளையும் குறைக்கவல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் அறிவித்தது. ஆகவே தோழமை என்பது பொழுதுபோக்கு அன்று. மருந்து போன்று இன்றியமையாதது.

பழைய மாணவர் கூட்டங்கள் இன்று குறைவாக இல்லை. 2006இல் வெளிவந்த ‘கிளாஸ்மேட்ஸ்’ என்னும் மலையாளத் திரைப்படமும், 2018இல் வெளிவந்த ‘96’ என்னும் தமிழ்த் திரைப்படமும் பழைய தோழரைத் தேடிச் சேரும் ஆவலை ஊரெங்கும் எழுப்பின. ‘பூர்வ வித்யார்த்தி சங்கமம்’ என்ற விளம்பரத் தட்டியைக் கேரளத்தில் எங்கும் காணலாம். ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவர், குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வர், விருந்துண்டு பிரிவர். இவையெல்லாம் நல்லனவே. ஆனால் அங்கு வருவோர் யார்? நடக்க வல்லவர், நல்ல நிலையில் உள்ளவர், செலவழிக்க இயன்றவர். யாருக்குத் தோழமை மிகவும் வேண்டுமோ அவர் வருவதில்லை. படுக்கையில் இருப்பவர், துணையை இழந்தவர், வறுமையால் கூசுபவர் ஆகிய இவர்கள் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். முதுமையுற்ற பழைய மாணவர் சங்கம் தன் உறுப்பினரைக் கூட்டத்திற்கு அழைப்பதோடு நில்லாமல், உறுப்பினரின் வீட்டைத் தேடிச் செல்லவேண்டும். நாம் வலியுறுத்த விரும்புவது இதனையே.

இதற்கு முதல் வேலை, பேரேடு ஒன்று எழுதுவதாகும். பெரும்பாலான சங்கங்கள் படித்து முடித்த ஆண்டை வைத்துப் பெயர்களைத் தொகுக்கின்றன. இளைஞருக்கு அம்முறை ஏற்றது. முதியோருக்கோ, எந்தத் தெருவில் எவர் இருக்கின்றார் என்ற வரிசையே பயன்படும். நள்ளிரவில் நோய் கண்டால் ஓடி வரக்கூடியவர் அடுத்த தெருவில் உள்ள இளைய வகுப்பினரே அன்றி, ஐம்பது கல்லுக்கு அப்பால் வாழும் உடன்பயின்றோர் அல்லர்.

இப்பேரேட்டில் பெண்களின் பெயர் விடுபடாதிருக்கத் தனிக் கவனம் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெண்ணின் பெயர் தந்தை பெயரோடும் வீட்டுப் பெயரோடும் நிற்கின்றது. மணமான பின்னர் அவர் எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டு ஊர் ஒன்றில் கணவரின் வீட்டுப் பெயரால் அறியப்படுகின்றார். அறுபது ஆண்டு கழித்துத் தேடுவோர்க்கு அவர் அகப்படுவதில்லை. ஊரில் எஞ்சிய தமக்கை தங்கையரைக் கேட்டும், தேவாலயப் பதிவேடுகளையும் கோயில் விழாக்குழுவினரையும் அணுகியும், ஒவ்வொரு பெயராகத் தேடியெடுக்க வேண்டும். இத்தேடலே கூடப் பலருக்கு மறுவாழ்வு அளிக்கும். தம்மை நினைப்பவர் உளர் என்று அறிவதைவிடப் பெரிய ஆறுதல் எது?

இரண்டாவது வேலை, காலம் தவறாத தொடர்பு. ஆண்டுக்கு ஒருமுறை ஐந்நூறு பேர் கூடுவதினும், வாரத்திற்கு ஒருமுறை ஒருவர் மற்றொருவரிடம் ஐந்து நிமிடம் பேசுவது மேலானது. பத்துப் பேர் கொண்ட சிறு வட்டம் அமைத்து, ஞாயிறுதோறும் ஒருவர் அடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் வினவலாம். அழைப்பு எடுக்கப்படவில்லையெனில் அருகில் உள்ளவர் நேரில் சென்று பார்த்தல் வேண்டும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் களியக்காவிளையில் எல்லைக் காவல் இறுகி, அனுமதிச் சீட்டின்றி எவரும் கடக்க இயலாதிருந்தபோது, இருபாலுள்ள உற்றாரை இணைத்தது தொலைபேசி ஒன்றே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நோயுற்றோரைப் பேணுவதில் கேரளம் உலகிற்கே ஒரு வழி காட்டியுள்ளது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து, பின்னர் அக்கம்பக்கத்தார் கூடி நோயாளரைப் பேணும் இயக்கம் வளர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க இயன்ற எவரும் பயிற்சி பெற்று அதில் தொண்டு செய்யலாம். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஊராட்சிகள் வாயிலாகச் செவிலியர் வீடுவீடாகச் செல்கின்றனர். பழைய மாணவர் சங்கம் புதிதாக எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. தன் உறுப்பினருள் இயன்றவரை இத்தொண்டில் சேர்த்து, இயலாதவரின் பெயரை அச்செவிலியரிடம் சேர்ப்பித்தாலே போதும். மருத்துவத்திற்கு எல்லை இல்லை என்பதற்கு இவ்வட்டாரமே சான்று. எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுவினருள் ஒருவரும், கல்குளம் தாலுகாவிலுள்ள நெய்யூரில் நெடுங்காலம் பணியாற்றியவருமான டாக்டர் சாமர்வெல்லின் பெயரை, இப்பாலுள்ள காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கி நிற்கின்றது.

மூன்றாவது வேலை மொழித் துணை. தமிழ்வழி பயின்று, தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த முதியோர்க்கு மலையாளத்தில் வரும் அரசு அறிவிப்பும் ஓய்வூதியப் படிவமும் சுவர்போல் நிற்கின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பெற்ற இடங்களின் அலுவலகங்களோடும், தத்தம் மொழியிலேயே எழுதிப் பேச இடமளிக்கின்றது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது; அதனை எடுத்துச் சொல்லி மனு எழுதித் தர ஒருவர் அருகில் வேண்டும். இரு மொழியும் அறிந்த இளைய பழைய மாணவர் மாதம் ஒருநாள் பள்ளித் திண்ணையில் அமர்ந்து இவ்வுதவியைச் செய்யலாகாதா?

தொலைவால் பிரிந்தும் தளராத சங்கங்களைக் காண விரும்புவோர் யாழ்ப்பாணத்தை நோக்கலாம். 1838இல் தோன்றிய பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி முதலிய பள்ளிகளின் பழைய மாணவர், போரினால் இலண்டனுக்கும் தொராண்டோவுக்கும் சிட்னிக்கும் சிதறினர். சென்றவிடமெல்லாம் பள்ளியின் பெயரால் கிளைகள் அமைத்தனர். புதிதாக வந்தவர்க்கு வழிகாட்டினர். தாய்ப்பள்ளிக்குப் பொருள் அனுப்பினர். கடல் கடந்தோர்க்கு இயன்றது, ஒரு சாலையின் இரு புறத்தும் வாழும் நமக்கு இயலாததன்று.

இறுதியாக ஒன்று. பழையவர் மறைய மறையப் புதியவர் சேராத சங்கம் தானே அழியும். கேரளத்தில் ஆண்டுதோறும் பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளில் மாணவர் தலையை எண்ணியே ஆசிரியர் பணியிடங்களை வரையறுக்கின்றனர். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் வகுப்பே நலியும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகின்றது. எனினும் பிள்ளையை அனுப்புவது சட்டம் அன்று, பெற்றோரே. பழைய மாணவர் வாரம் ஒருமுறை அவ்வகுப்பிற்குச் சென்று கதை சொன்னால், பிள்ளைகளுக்கு மொழி வளரும். முதியவர்க்குத் தாம் வேண்டப்படுகிறோம் என்ற நிறைவு வளரும். உதவி பெறுவதினும் உதவ வாய்ப்புப் பெறுவதே முதுமைக்கு உயர்ந்த ஊன்றுகோல்.

இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சிறு சந்தாவும், மாதந்தோறும் அனைவர் முன்னும் படிக்கப்பெறும் கணக்கும், பதவிப் பூசல் அற்ற மனமும் இருந்தால் அது நிலைக்கும். அதற்கும் முன்னதாக, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நம் வகுப்பில் நம்மோடு அமர்ந்திருந்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதத் தொடங்குவோம். எவர் எங்குள்ளார் என்று தெரியாத பெயரின் எதிரே ஒரு கோடிட்டு, அக்கோடு நிரம்பும் வரை தேடுவோம்.