நம்பிக்கை நடத்திச் செல்லும் தூரம்



விசுவாசம் மனிதனுக்கு ஆறுதல் அளிப்பதைக் குறித்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம்; அதே விசுவாசம் அவனைச் சௌகரியமான இருப்பிடத்தினின்று எழுப்பி, அவன் எதிர்பாராத வழியில் நடத்திச் செல்வதைக் குறித்துப் போதிய அளவு சிந்தித்தோமில்லை. தரங்கம்பாடியில் நிகழ்ந்த சரித்திரம் ஒன்றை அதன்பொருட்டுத் தங்கள் முன் வைக்கிறேன்.

சாக்ஸனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் 1682-ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தேக சௌக்கியமும் குன்றியவராய் ஹாலே நகரில் கல்வி பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில், புளுட்சோ என்னும் தோழருடன் கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தார். மன்னர் அனுப்பிய குருவாயினும் அங்கிருந்த டேனியக் கோட்டைத் தளபதியின் பகைக்கு ஆளாகி, 1708-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி நான்கு மாதம் சிறையில் கிடந்தார்.

கடல் கடந்ததையோ சிறை புகுந்ததையோ நான் பெரிதாகக் கருதவில்லை. மிளகுக்காகவும் பொன்னுக்காகவும் அத்தகைய துன்பங்களை ஏற்றவர் அக்காலத்தில் அநேகர். தமிழர் நாகரிகமற்றவர், அவர்தம் மொழிக்கு இலக்கணமோ வாழ்வுக்கு ஒழுங்கோ இராது என்று, அந்நாளைய ஐரோப்பியர் பலரைப் போலவே தாமும் எண்ணி வந்ததை அவரே பின்னர் எழுதி வைத்தார். அந்த அபிப்பிராயத்தை விட்டு வெளியேறியதே அவர் மேற்கொண்ட நெடும்பயணம் என்பது என் துணிபு. பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, போதிக்க வந்த அந்தக் குரு சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுத்துக்களைப் பழகினார். ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு அட்டவணை வரைந்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

தமிழரின் சமயத்தையும் வாழ்வையும் பற்றி அவர் தொடுத்த வினாக்களுக்கு, இந்நாட்டார் கடித வாயிலாக விடையளித்தனர். தம் மதத்தை மாற்ற வந்த அந்நியர் என்றறிந்தும், தம் நம்பிக்கையை மறைக்காமலும் அவர் சமயத்தை வினவத் தயங்காமலும் எழுதிய அம்மக்களின் பெயர்கள் அச்சான பதிப்புகளில் இடம்பெறவில்லை. தம் சுற்றத்தின் எல்லையைத் தாண்டியவர்கள் அவர்களுந்தாம் என்பதை நம் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் உரிய கௌரவத்தோடு எழுதவில்லை. இது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து விரிவான நூலொன்றை எழுதி 1713-இல் அவர் ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தைக் களையச் சென்றவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கிருந்த பெரியோர் அதனை ஒதுக்கினர். 1867-இல்தான் சென்னையில் அது அச்சேறியது. அவர் எழுதியவற்றில் நாம் ஏற்க முடியாத தீர்ப்புகள் பல உண்டு. தம் மதமே மெய்யென்னும் உறுதியை அவர் இறுதிவரை விடவுமில்லை. ஆயினும் அந்த உறுதியே அவரை அயலார் ஏடுகளுக்குள் இவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது. அனுப்பியவர்களின் அதிருப்திக்கும் அஞ்சாமல் எழுதச் செய்தது. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்து, 1719-இல், 36-ஆம் வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே காலமானார்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் அன்பர்கள், பிறர் சமயத்தைக் குறித்துத் தீர்ப்புரைக்குமுன், அச்சமயத்தாரின் மூலநூலையேனும் அவர் வாய்மொழியையேனும் நேரில் அறிந்துகொள்ள வேண்டுமென்று வேண்டி, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.