கடல் கொடுத்த மேசை

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1971-ல் நோபல் பரிசு பெற்றவர். அப்பா ரயில்வே தொழிலாளி. வளர்ந்தது தெமுக்கோ என்ற மழை ஊரில். சிறுவயதில் போர்த்தோ சாவேத்ராவுக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அந்தப் பிரமிப்பு கடைசிவரை அவரை விடவில்லை. கவிதைக்குக் கவிதை அலையடித்தது.

பின்னாளில் பசிபிக் கரையில், இஸ்லா நெக்ரா என்ற சிற்றூரில், ஒரு கல்வீட்டை வாங்கினார். அதைக் கப்பல் மாதிரி நீளமாகக் கட்டிக்கொண்டே போனார். பழைய பாய்மரக் கப்பல்களின் முகப்பில் இருந்த மரப்பாவைகளைத் தேடிப்பிடித்துக் கூடத்தில் நிறுத்தினார்.

ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். கனத்த பலகை ஒன்று அலையில் மிதந்து வருகிறது. ஏதோ கப்பலிலிருந்து கழன்றது. மனைவி மட்டில்டேயைக் கூப்பிட்டு, 'என் எழுதுமேசை வருகிறது' என்றாராம்! கரையில் காத்திருந்து எடுத்துவந்தார்கள். அதையே மேசையாக்கி, கடல் தெரியும் இடத்தில் போட்டு எழுதினார்.

இத்தனைக்கும் அவர் மாலுமி அல்ல. தோட்டத்தில் ஒரு படகு வைத்திருந்தார்; அதைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. நண்பர்களோடு அதில் உட்கார்ந்து பேசுவதோடு சரி. கரையில் இருந்தபடியே ஒருவர் கடலோடு இவ்வளவு ஒட்டிவிட முடியும் என்பதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சங்கு, சிப்பி என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1954-ல் அத்தனையையும் தன் நூலகத்தோடு சிலி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆசை விடுமா? மறுபடியும் சேர்க்க ஆரம்பித்தார். அப்படிச் சேர்த்தவற்றை இஸ்லா நெக்ரா வீட்டிலேயே இன்றும் பார்க்கலாம். அது இப்போது அருங்காட்சியகம்.