அறிந்து காக்கும் அருள்



இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வழிதவறிய ஆமை தென்படுங்கால், அதனைக் கிணற்றிலோ குளத்திலோ விடுவதே அருட்செயல் எனக் கருதுவோர் உளர். அது நிலத்தாமையாயின், நீந்த இயலாது மூழ்கி மடியும்.

குவிந்த ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகளும், யானைக்கால் போன்ற தடித்த கால்களும் உடையது நட்சத்திர ஆமை. புல்லும் இலையும் அதன் உணவு. பாலும் சோறும் ஆகா. தட்டையான மென்தோல் ஓடும் விரலிடைச் சவ்வும் உடைய பாலாமை நன்னீர்க்கு உரியது. துடுப்புக் கால்களை உடையது கடலாமை. தை முதல் பங்குனி வரை இக்கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை அவ்வினம். அதனைச் சூழாமலும் விளக்கொளி காட்டாமலும் விலகி நிற்றல் வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வளர்த்தல் குற்றம். வழிதவறிய நிலத்தாமையையும் பாலாமையையும் காற்றோட்டமுள்ள பெட்டியில் நிழலில் வைத்து, விரைந்து வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.

மும்மணிகளுள் நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்திற்கும் இடையே நன்ஞானம் நிற்கிறது. அறியாது செய்யும் அருள் கொலையிலும் முடியலாம். அவ்வுயிரின் இயல்பறிந்து காப்பதே அகிம்சை.