துப்பறியும் கதையும் நீதிமன்றத் தமிழும்

நியூ ஜெர்சி மாநிலம் ஐசலினில் கூடும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான உரை



புலம்பெயர்ந்த இல்லங்களில் பிள்ளைகளுக்கு உறவுமுறைச் சொற்கள் வந்துவிடுகின்றன. உணவின் பெயர்களும் பண்டிகைகளின் பெயர்களும் வந்துவிடுகின்றன. சட்டத்தின் சொற்கள் மட்டும் வருவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றவல்ல தாள்கள் அச்சொற்களில்தான் எழுதப்படுகின்றன. ஊரிலுள்ள நிலத்தின் கிரயப் பத்திரம், பாட்டனாரின் உயில், பொது அதிகாரப் பத்திரம் ஆகியவை ஒருபுறம். வுட்பிரிட்ஜ் நகராட்சி நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பாணை, நியூ பிரன்சுவிக்கிலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வரும் ஜூரிப் பணிக்கான கடிதம் ஆகியவை மறுபுறம். முதல்வகைத் தாள்கள் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. இரண்டாம்வகைத் தாள்கள் முதியோர்க்கு விளங்குவதில்லை.

சட்ட அகராதியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் அது மேசையிலேயே கிடக்கும். துப்பறியும் புதினத்தைக் கொடுத்தால் இரவோடு இரவாகப் படித்து முடிப்பார்கள். அந்த ஆர்வத்தையே கல்விக்கு வழியாக்கிக்கொள்ளலாம் என்பதே இவ்வுரையின் கருத்து.

இவ்வழி தமிழுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணம் ஒரு வழக்கினால் தடைப்படுகிறது. முதியவர் ஒருவர் வந்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை தம்மிடம் உள்ளதென்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறு இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அங்கே மூல ஓலையின் கையெழுத்து, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. மூலம், படி, ஆவணம், சாட்சி, கையெழுத்து ஒப்பீடு ஆகிய அனைத்தும் ஒரே கதைக்குள் அமைந்துள்ளன. பக்திக் கதையாகக் கேட்டவர்களும் வழக்கு நடக்கும் முறையை அறிந்துகொண்டார்கள்.

1879ஆம் ஆண்டு வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் புதினமாகக் கருதப்படுகிறது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். அதற்கு முன்பே, 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் தமிழில் தந்தவர். தமிழ்ப் புதினமும் தமிழ்ச் சட்ட உரைநடையும் ஒரே மனிதரின் மேசையில் வளர்ந்தன என்பது இளையோர் அறிந்து பெருமைப்படத்தக்க செய்தி.

பின்னர் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் புதினத்தைப் பரப்பினர். தமிழ்வாணனின் சங்கர்லால் அடுத்த தலைமுறையைக் கவர்ந்தார். சுஜாதா படைத்த கணேஷும் வசந்தும் காவல்துறையினர் அல்லர், வழக்கறிஞர்கள். ஆகவே அக்கதைகளில் பிணை, வக்காலத்து, சாட்சியம் போன்ற சொற்கள் இயல்பாகவே புழங்குகின்றன.

புதினத்தின் சிறப்பு யாதெனில், அது சொற்களை அகரவரிசையில் தருவதில்லை. வழக்கு நடக்கும் வரிசையில் தருகிறது. முதல் தகவல் அறிக்கை, கைது, நீதிமன்றக் காவல், ஜாமீன், குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். சாட்சியை அழைத்த தரப்பினர் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பினர் கேட்பது குறுக்கு விசாரணை. முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவர் பிறழ்சாட்சி. கதையில் ஒருமுறை கண்டால் இச்சொற்கள் மறப்பதில்லை.

சொற்களின் பிறப்பும் சுவையானது. வக்கீல், ஜாமீன், அசல், நகல், ரத்து, ஜப்தி ஆகியவை அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்து தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நிலைத்தவை. ஈழத்திலோ வழக்கறிஞர் சட்டத்தரணி ஆவார். குற்றவியல் நடுவர் நீதவான் ஆவார். நீதிமன்றக் காவல் விளக்கமறியல் ஆகும். புகார் முறைப்பாடு ஆகும். இருவகைத் தமிழரும் அருகருகே வாழும் இந்நாட்டில் பிள்ளைகள் இரண்டையும் கற்பதே முறை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. புதினத்தின் சட்டம் அது எழுதப்பட்ட நாட்டிற்கும் காலத்திற்கும் உரியது. பழைய கதைகளில் கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420 என்று வரும். 2024 சூலை முதல் நாளிலிருந்து இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன்பின் நிகழும் குற்றங்களுக்குக் கொலைத் தண்டனைப் பிரிவு 103, ஏமாற்றுப் பிரிவு 318 ஆகும்.

நாடு மாறினால் வேறுபாடு இன்னும் பெரிது. இந்தியக் குற்ற வழக்குகளில் இன்று ஜூரி இல்லை. 1944ஆம் ஆண்டு நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஜூரியின் முன் நின்றார்கள். தண்டனை பெற்று 1947இல் விடுதலையானார்கள். அந்த முறை அங்கு மறைந்துவிட்டது. நியூ ஜெர்சியில் அதுவே அடித்தளம். கடுங்குற்றங்களில் இருபத்து மூவர் கொண்ட கிராண்ட் ஜூரியில் பன்னிருவரேனும் இசைந்தால்தான் ஒருவர்மீது குற்றச்சாட்டு வனையப்படும். பின்னர் விசாரணையில் பன்னிருவரும் ஒருமனதாக முடிவு காண வேண்டும். ஜாமீன் என்றதும் கதைகளில் பணக்கட்டு தோன்றும். இம்மாநிலத்தில் 2017 முதல் பணப் பிணை பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. கதையில் கடைசி அத்தியாயத்தில் கூண்டிலேயே உண்மை வெளிப்படும். அமெரிக்காவில் தண்டனை பெறுவோரில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் விசாரணையே இன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். குடியுரிமை பெறாதவர் அவ்வாறு ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படவும் நேரலாம். அந்த விளைவை வழக்கறிஞர் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும் என்று 2010இல் பாடிலா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஒப்புக்கொள்கிறேன்" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

சொல் விளங்காமல் கையொப்பமிடுவது எங்கே கொண்டுசெல்லும் என்பதை ஈழத்தமிழர் நன்கறிவர். நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டுமே. அவர் பெருவிரல் பதித்த ஒப்புதல் வாக்குமூலமோ சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலத்தைக் கொண்டே 1995இல் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு நேர்மையான விசாரணை மறுக்கப்பட்டதென்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது.

இங்கும் சிறு சொற்கள் பெருந்தீங்கு செய்யலாம். தமிழ் முதியவர் உரையாடலில் "சரி, சரி" என்பார். "நீர் சொல்வது காதில் விழுகிறது" என்பதே அதன் பொருள். மொழிபெயர்ப்பில் அது உடன்பாடாகப் பதிவாகிவிடக்கூடும். ஆதலால் நீதிமன்றத்தில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துதல் கூடாது. நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை அளிக்கின்றன. அவரைக் கேட்டுப் பெறுவது உரிமை. பிள்ளை கற்கும் சொற்கள் அந்த மொழிபெயர்ப்பு சரியாக நடக்கிறதா என்று கவனிக்க உதவட்டும்.

இதனை இல்லத்தில் செய்யும் முறை எளியது. வாரம் ஓர் அத்தியாயத்தைப் பெற்றோரும் பிள்ளையும் உரக்கப் படிக்கலாம். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்து, தமிழ்நாட்டுச் சொல், ஈழச் சொல், அமெரிக்க நீதிமன்றச் சொல் ஆகியவற்றை எழுதலாம். "இக்கதை நியூ ஜெர்சியில் நடந்திருந்தால் அடுத்து என்ன நிகழும்?" என்று கேட்கலாம். பள்ளிகளில் பயிலப்படும் ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டுப் புதினத்தின் நீதிமன்றக் காட்சியைப் பிள்ளை தமிழில் எடுத்துரைக்கட்டும், பெற்றோர் கேட்கட்டும். விசாரணைகள் பொதுவாக எவரும் அமர்ந்து பார்க்கத்தக்கவை. விடுமுறை நாளொன்றில் நேரில் சென்று பார்ப்பது நூறு பக்கங்களுக்கு ஈடாகும்.

முதற்பாடமாக இரண்டு சொற்களைக் கொள்ளலாம். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், மற்றொருவர் குற்றவாளி. இரண்டிற்கும் இடையே ஒரு முழு விசாரணை நிற்கிறது. நல்ல துப்பறியும் கதை முதலில் ஐயத்திற்குள்ளானவரைக் கடைசியில் பெரும்பாலும் விடுவிக்கிறது. ஆனால் சமூகத்தில் ஒருவர் கைதான செய்தி வந்த மாலையே அவரைக் குற்றவாளி என்று பேசிவிடும் வழக்கம் இருக்கிறது. அவர் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் பேசுவதும் நின்றுபோகிறது. கதை படிக்கும் இளையோர் அந்த ஒரு சொல்லைத் திருத்திச் சொல்லும் துணிவு பெற்றால், அது மொழிக்கும் தொண்டு, நீதிக்கும் தொண்டு.